சுண்ணாம்புக்கு அடியில் வான் லீம்ப்ட்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை ஸ்முல்டர்ஸ் அவர்களே, ஆலயக் குழுத் தலைவர் டெ ராய்ட் அவர்களே, வேலை நாளென்றும் பாராமல் கடையடைத்து வந்திருக்கும் பிரபாண்ட் மண்ணின் பெரியோர்களே, தாய்மார்களே!

இறந்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பார்கள். எனக்கு முன் பேசிய நால்வரும் நல்லதையே பேசினார்கள். கட்டடக் கலைஞர் ஹுபேர்ட்டஸ் வான் லீம்ப்ட் நம் மாகாணத்துக்குப் பதினேழு தேவாலயங்கள் தந்தார் என்றார்கள். தந்தார்! தந்ததை நாம் என்ன செய்தோம்? அதை யாராவது சொன்னார்களா?

அவருடைய ஓவியர்களுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் தலைமை தாங்கியவன் நான். நம் பாட்டன்மார் கத்தோலிக்கப் பூசைக்குத் தடை இருந்த காலத்தில் தானியக் களஞ்சியங்களில் ஒளிந்து பூசை கண்டவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வானளாவிய கோபுரமும் சுவர் முழுக்க வண்ணமும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். நம் புனித பார்பரா ஆலயத்தில், தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு புனிதையின் பாதத்தை வரையாமல் விட்டுவிட்டேன். அதைக் கண்டுபிடித்து அவரே சாரத்தில் ஏறி வந்தார்.

"ஏண்டா நோல், அந்தம்மா ஒத்தக் கால்லதான் மோட்சத்துக்குப் போகணுமா?" என்றார்.

அப்படிப்பட்டவர் படுக்கையில் விழுந்ததும் நாம் செய்தது என்ன? வசந்தம் வந்தால் வீட்டைக் கழுவாமல் தூக்கம் வராத ஊர் இது. வாசற்படி போதாதென்று தெருவையும் சோப்புப் போட்டுத் தேய்ப்போம். மெழுகுவத்திப் புகை படிந்த ஓவியங்கள் நம் கண்ணுக்கு அழுக்காகத் தெரிந்தன. வெள்ளையடித்துவிடலாம் என்று குழு தீர்மானித்தது. நடுக்கூடம் முழுவதும் வெள்ளை! பீடத்துச் சுவர் மட்டும் மிச்சம். அதற்கும் வருகிற திங்கட்கிழமை நாள் குறித்தாயிற்று. அதே குழு இன்று அவர் படத்துக்கு மலர்வளையம் வைத்திருக்கிறது. வெட்கமாக இல்லையா நமக்கு?

குழுவைக் குறை சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம். ஆனால் ஈஸ்டர் முடிந்த வாரம் அவரை நாற்காலியோடு தூக்கி ஆலயத்துக்குக் கொண்டு வந்தார்கள். நெடுநேரம் பார்த்தார். சுவரை உள்ளங்கையால் தடவினார்.

"திட்டு இல்ல, கோடு இல்ல. இப்படி அடிக்க இந்த மாகாணத்துலயே ஒருத்தனாலதான் முடியும்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா, நோல்?" என்று கேட்டார்.

சௌக்கியம் என்றேன். மூன்றாம் வாரம் போய்விட்டார்.

ஆம், பெரியோர்களே, அந்த வெள்ளையை அடித்தவன் நான்தான். வேறொருவன் வந்தால் ஓவியத்தைச் சுரண்டிவிட்டு அடிப்பான், நான் என்றால் சுரண்டாமல் மேலே மெல்லப் பூசுவேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. குழுவைப் பகைத்தால் வேறு எந்தப் பங்கு ஆலயத்திலும் வேலை கிடைக்காது என்ற பயம் மீதிப் பாதி.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி சொன்னீர்கள். என் உறுதி இது. பீடத்துச் சுவரை என் தூரிகை தொடாது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, ஈரத் துணியும் மரக்கத்தியுமாக நடுக்கூடத்தின் வடக்குச் சுவரில் தொடங்குவேன். நான் பூசியதை நானே எடுப்பேன். எத்தனை ஆண்டு ஆனாலும் எடுப்பேன். ஆலயத்தின் சாவி உங்களிடம் இருக்கிறது, டெ ராய்ட் அவர்களே. கதவைப் பூட்டுவதாக இருந்தால் இப்போதே, அவர் படத்துக்கு முன்னால், இத்தனை பேர் கேட்கச் சொல்லிவிடுங்கள்.