வாயசைத்தவர்களைத் தேடி வந்த டீச்சர்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஊர்த்தலைவர் அவர்களே, டீச்சரின் மகன் நெஸ்தோர் அவர்களே, மீன் சந்தையை அரைநாள் மூடிவிட்டு வந்திருக்கும் என் தோழிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்!

இரங்கல் கூட்டத்தில் இவ்வளவு துள்ளலோடு பேசலாமா என்று கேட்காதீர்கள். பாட்டு ஆசிரியை திரினிதாத் ப்ரொவிதோ அவர்களைப் பற்றி வேறெப்படிப் பேசுவது?

முப்பத்திரண்டு ஆண்டுகள் நம் பள்ளியின் பாடகர் குழுவை நடத்தினார். பதினோரு முறை மாகாணக் கோப்பை! அதில் எனக்கும் பங்குண்டு. என் பங்கு, பாடாமல் இருந்தது!

அப்போது எனக்குப் பத்து வயது. ஒத்திகையில் டீச்சர் என் அருகே குனிந்து, சின்னப் பெண்களை நாம் செல்லமாக அழைப்பதுபோல், "இண்டாய், நீ பாட வேணாம். வாயை மட்டும் அசை, போதும்" என்றார். திட்டவில்லை, கன்னத்தைத் தட்டிக்கூடக் கொடுத்தார். ஆனால் அன்று மூடிய தொண்டை நாற்பத்தோரு வருடம் திறக்கவில்லை. பிறந்தநாளா, பாட்டு! சாவு வீடா, பாட்டு! இப்படிப்பட்ட நம் இலோயிலோ ஊரில், மைக் என் பக்கம் வந்தாலே நூடுல்ஸ் தட்டோடு சமையலறைக்குள் போய்விடுவேன். என் பிள்ளைகளுக்குத் தாலாட்டுக்கூடப் பாடியதில்லை.

ஓய்வுபெற்ற டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? ஓவியம் தீட்டத் தொடங்கினார். எப்படித் தீட்டினார்! அவர் வரைந்த எருமையைப் பார்த்து நெஸ்தோர், "அம்மா, சோபா நல்லா இருக்கு" என்றாராம்! டீச்சர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். மறுநாளும் எருமை. அதற்கு மறுநாளும் எருமை. ஒன்றும் தேறவில்லை, ஒரு நாளும் அவர் விடவில்லை.

ஒரு காலையில் தூரிகையும் கையுமாக எழுந்து மகனிடம் கேட்டாராம்: "இந்தச் சந்தோஷத்தையாடா வாயசைக்கச் சொன்ன பிள்ளைங்ககிட்டேருந்து பிடுங்கிக்கிட்டேன்?"

அன்றே என் மீன் கடைக்கு வந்தார். விரலெல்லாம் நீலச் சாயம்.

"எல்மா, என்னை ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டீச்சர். மீன் வேணுமா?"

"மன்னிப்பு வேணும். உன்னை வாயசைக்கச் சொன்னது தப்பு, இண்டாய்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்ப வந்து சொல்றீங்க! ஐம்பத்தொரு வயசுக்கு மேல எனக்குச் சுருதி எங்கேருந்து வரும்?"

"வராது" என்றார் டீச்சர். "எனக்கு மட்டும் எருமை வருதா? வா, பாடலாம்!"

பக்கத்துக் கடை பேபெத், "ஏய், நீ பாடினா மீனெல்லாம் எழுந்து ஓடிடும்டி!" என்றாள். சந்தையே சிரித்தது. கையில் கத்தி, முழங்கைவரை செதில். நான் பாடினேன்! அழுதேனா, சிரித்தேனா? இன்றுவரை எனக்கே தெரியாது.

பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு, என்னைப்போல் வாயசைத்த மற்றவர்களையும் டீச்சர் வீடு வீடாகத் தேடினார். படகோட்டி ருஃபோ நான்கு முறை கதவைத் திறக்கவில்லை. ஐந்தாம் முறை உள்ளிருந்து குரல் வந்தது: "எந்தப் பாட்டு, டீச்சர்?"

பதினேழு பேர் சேர்ந்தோம். ஆறு ஆண்டுகள், வியாழன்தோறும் பாடினோம். கோப்பை வென்றோமா? போட்டிக்கே போகவில்லையே! எங்கள் பாட்டு தேறியதா? இல்லவே இல்லை! நடுவே டீச்சரே எங்களோடு சேர்ந்து வேண்டுமென்றே பிசகிப் பாடுவார், பாருங்கள்!

நேற்று, நாளைய அடக்கத்தில் பாடுவதற்கு, நன்றாகப் பாடும் பாடகர் குழு ஒன்று முன்வந்தது. அதுதான் முறை என்று நினைத்தேன். நெஸ்தோர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவங்களை வேணாம்னு சொல்லிட்டேன். அம்மாவை நீங்கதான் பாடி அனுப்பணும்" என்றார்.

திரினிதாத் டீச்சர் அவர்களே! உங்கள் முன் நின்று உறுதி சொல்கிறோம். வியாழக்கிழமைக் கூட்டம் நிற்காது. வருகிறவர் எவரிடமும் "பாடத் தெரியுமா?" என்று கேட்க மாட்டோம்.

ஊராரே! நாளைக் காலை ஏழு மணிக்கு, தேவாலயத்திலிருந்து கல்லறைவரை பாடிக்கொண்டே நடப்போம். பதினேழு பேருக்கும் பதினேழு சுருதி இருக்கும். சன்னல்களைத் திறந்து வையுங்கள், நாங்கள் வருகிறோம்!