யாரும் வந்து உட்காராத வாக்கியம்

தங்கை: நாற்பத்தாறு மணி நேரம், இருபது நிமிஷம்.

அக்கா: என்னது?

தங்கை: இந்த அறிக்கையோட... எவ்வளவு நேரமா மல்லுக்கட்டுறேன்னு சொன்னேன்.

அக்கா: அவஸ்தையைக்கூடக் கடிகாரம் வச்சு அளக்குறவ நீ ஒருத்திதான். சரி, படி.

தங்கை: சிரிக்கக் கூடாது.

அக்கா: உன்னைவிடப் பதினோரு மாசம் மூத்தவ நான். அதுல கிடைச்ச ஒரே உரிமை உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது. படி.

தங்கை: "ஆன் ஃப்ரைடே, அண்ட் இன் த மார்னிங், அண்ட் அட் த டைம் ஆஃப் இன்ஸ்பெக்‌ஷன், பட் வித்அவுட் எனி வார்னிங்..."

அக்கா: ம்.

தங்கை: "...அண்ட் ஆஃப்டர் த ஓப்பனிங் ஆஃப் த டோர்..."

அக்கா: இரு, இரு. கதவை யாருடி திறந்தது?

தங்கை: வரும். கடைசியில வரும்.

அக்கா: எத்தனையாவது பக்கத்துல?

தங்கை: ஏன், தப்பா? 'அண்ட்'டுக்குப் பின்னாடி 'இன்', 'அட்' எல்லாம் வரக் கூடாதா?

அக்கா: தாராளமா வரலாம். எங்க ஆபீஸ்ல நாள் முழுக்க அடுத்தவங்க கடிதத்தைத்தானே திருத்துறேன், எல்லாரும் அப்படி எழுதுறாங்க. 'அண்ட் இன் த மார்னிங் ஐ கவுண்ட்டட் த சீட்ஸ்.' நல்ல வாக்கியம். 'காலையில'ன்னு ஒரு பாய் விரிச்சாச்சு, 'நான்'னு ஒரு ஆள் வந்து உட்கார்ந்தாச்சு. நீ என்னடான்னா பாய் பக்கத்துல பாயா விரிச்சுக்கிட்டே போற. அஞ்சு பாய் ஆச்சு. ஒருத்தரும் உட்காரல.

தங்கை: கடைசிப் பாயில பெட்டி உட்காரும். "த சேம்பர் வாஸ் ஃபவுண்ட் டு பி ஆஃப்."

அக்கா: பெட்டி உட்காரும். மனுஷங்க?

தங்கை: அறிவியல் அறிக்கையில மனுஷங்க வர மாட்டாங்க. மூணு வருஷம் காலேஜ்ல அதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. தண்ணி ஊற்றப்பட்டது. விதை எண்ணப்பட்டது.

அக்கா: தங்கச்சி உதைக்கப்பட்டாள். எனக்கு இதுல பாதிதான் தெரியும். முழுசா சொல்லு.

தங்கை: நானூறு மிளகாய் விதை. முளைக்குதான்னு பாக்குற சோதனை. ஈரக் காகிதத்துல அடுக்கி, சூடு குறையாத பெட்டிக்குள்ள பதினாலு நாள் வைக்கணும். நேத்து ஒன்பதாவது நாள். காலையில எட்டரைக்குப் போறேன், பெட்டி சில்லுன்னு இருக்கு. பிளக் கீழே கிடக்கு.

அக்கா: விதை?

தங்கை: போச்சு. மறுபடி முதல்லேருந்து. அது கூடப் பரவாயில்ல...

அக்கா: எது பரவாயில்லாம இருக்கு?

தங்கை: முந்தின நாள் சாயங்காலம் அஞ்சரைக்குக் கிளீனிங் அம்மா அந்த ரூமைத் துடைச்சாங்க. துடைப்பக் கம்பு பட்டு பிளக் விழுந்திருக்கும்னு எங்க லேப்ல பெரிய மேடம் சொல்றாங்க. இன்னைக்குச் சனிக்கிழமை, மேடம் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிடுவாங்க. அதுக்குள்ள என் அறிக்கை போகணும். போனதும் கான்ட்ராக்ட்காரருக்குப் போன் பண்ணி, திங்கட்கிழமையிலேருந்து வேற ஆளை அனுப்பச் சொல்லிடுவாங்க.

அக்கா: அந்தம்மா என்ன சொன்னாங்க?

தங்கை: அதை விடுக்கா, அறிக்கையைப் பாரு.

அக்கா: ஏய்.

தங்கை: "பட்டிருக்கும் மேடம், எனக்கு முட்டி வலி, குனிஞ்சு பாக்கல"ன்னு சொன்னாங்க. ஒன்பது வருஷமா அங்க வேலை பாக்குறாங்கக்கா. அப்புறம் என்கிட்ட வந்து, "உன் விதையெல்லாம் என்னால போச்சேம்மா"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அக்கா: நீ என்ன சொன்ன?

தங்கை: "பரவாயில்லம்மா"ன்னு சொன்னேன்.

அக்கா: ரொம்பப் பெரிய மனசு.

தங்கை: அப்படிச் சொல்லாத.

அக்கா: இப்ப மணி என்ன?

தங்கை: பதினொண்ணு.

அக்கா: நேத்து எட்டரைக்குத்தானே பார்த்த? அதுலேருந்து எண்ணினா இருபத்தாறரை மணி நேரம். நாற்பத்தாறு எங்கேருந்து வந்துச்சு?

தங்கை: தப்பா எண்ணியிருப்பேன்.

அக்கா: நீயா? தோசை சுட்டா எத்தனை செகண்டுன்னு சொல்றவ... நாற்பத்தாறு இருபது. பின்னாடி போனா வியாழக்கிழமை. மதியம் பன்னிரண்டு நாற்பது.

தங்கை: உனக்கு எப்பக்கா கணக்கு வந்துச்சு?

அக்கா: பேச்சை மாத்தாத. பன்னிரண்டு நாற்பதுக்கு என்ன?

தங்கை: சாப்பாட்டு நேரம்.

அக்கா: பாய் விரிச்சாச்சு. அப்புறம்?

தங்கை: எல்லாரும் கேன்டீன்ல.

அக்கா: ரெண்டாவது பாய். நீ?

தங்கை: நான் அந்த ரூம்ல. செவ்வாய்க்கிழமை வெளியூர்லேருந்து ஆளுங்க வர்றாங்க இல்ல, இங்கிலீஷ்ல பத்து நிமிஷம் பேசணும் இல்ல... யார் காதுலயும் விழாம பேசிப் பாக்குறதுக்கு அந்த ரூம்தான் வசதி. விதைங்க சிரிக்காது.

அக்கா: அதை ரெக்கார்ட் பண்ணித்தானே எனக்கு அனுப்பின.

தங்கை: கேட்டியா?

அக்கா: அன்னைக்கே கேட்டேன். அதுலயும் இதே கதைதான். 'அண்ட் ஆன் த பேப்பர், அண்ட் இன் த சேம்பர்'னு மூச்சு வாங்கிக்கிட்டு ஓடுற. பின்னாடி 'ங்ங்'னு ஒரு சத்தம், மிக்ஸி மாதிரி. நாலாவது நிமிஷம் நீயே "ஒன் மினிட், ப்ளீஸ்"னு விதைங்ககிட்ட மன்னிப்பு கேக்குற.

தங்கை: ஐயோ.

அக்கா: அப்புறம் அந்தச் சத்தம் நின்னு போச்சு. 'நல்லாக் கேக்குது இப்ப'ன்னுதான் நினைச்சேன். நேத்து ராத்திரி நீ சாப்பிடாம படுத்தப்போதான் மறுபடி போட்டுக் கேட்டேன்.

தங்கை: அப்ப... நேத்தே தெரியுமா?

அக்கா: நீயா சொல்வேன்னு பாத்தேன். ஆங்கிலத்துல அஞ்சு பாய் விரிச்சுக்கிட்டு வந்து நிக்குற.

தங்கை: போன்ல மூணு பர்சென்ட்தான் இருந்துச்சுக்கா. அந்த ரூம்ல ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான். அதுல பெட்டி. அஞ்சு நிமிஷம்தானேன்னு...

அக்கா: திரும்ப மாட்ட மறந்துட்ட.

தங்கை: பேசி முடிச்சதும் அப்படி ஒரு சந்தோஷம். முதல் தடவையா கடைசி வரைக்கும் பேசியிருக்கேன்னு. போனைப் பத்திரமா எடுத்தேன். சார்ஜரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டேன். லைட்டை அணைச்சேன், மின்சாரம் வீணாகக் கூடாதுன்னு.

அக்கா: அடிப்பாவி.

தங்கை: இன்னும் கேளு. அந்த பாயின்ட்டுக்கு மேல 'இந்த பிளக்கை யாரும் தொடக் கூடாது'ன்னு ஒரு காகிதம் ஒட்டியிருக்கு.

அக்கா: யார் ஒட்டினது?

தங்கை: நான். லேமினேட் பண்ணி. அப்படித் தொட்டா பக்கத்துல தொங்குற நோட்டுல பேரும் நேரமும் எழுதணும்னு விதி.

அக்கா: அந்த விதி...

தங்கை: அதுவும் நான் போட்டதுதான்.

அக்கா: அழுறியா, சிரிக்கிறியா?

தங்கை: தெரியல. ரெண்டும் சேர்ந்து வருது. இன்னும் ஆறு மாசத்துல என்னை நிரந்தரம் பண்றாங்கக்கா. இப்பப் போய் இதைச் சொன்னா பண்ணுவாங்களா?

அக்கா: மாட்டாங்களோ என்னவோ. பொய் சொல்ல மாட்டேன்.

தங்கை: கிளீனிங் அம்மா கம்பு படுறதுக்கு அஞ்சு மணி நேரம் முன்னாடியே பெட்டி ஓஞ்சு போச்சு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவங்க தன்னாலதான்னே நம்பிட்டாங்க. அதான் தாங்கல.

அக்கா: நான் ஒண்ணு சொல்லட்டுமா? திட்டக் கூடாது.

தங்கை: சொல்லு.

அக்கா: புதன்கிழமை ராத்திரி நீ போனைச் சார்ஜ் போட்டுட்டுத்தான் படுத்த.

தங்கை: ஆமா, அதான் எனக்குப் புரியல. காலையில பாத்தா பன்னிரண்டு பர்சென்ட்தான்...

அக்கா: நான்தான் உன்னோடதைப் பிடுங்கிட்டு என்னோடதைப் போட்டேன். அஞ்சு நிமிஷம்தானேன்னு. தூங்கிட்டேன்.

தங்கை: அக்கா!

அக்கா: நம்ம குடும்பத் தொழில்.

தங்கை: ரெண்டு நாளா ஒண்ணும் தெரியாத மாதிரி என் இங்கிலீஷைக் கிண்டல் பண்ணிக்கிட்டு...

அக்கா: நான் சொல்லிட்டேன். முதுகுல ஏதோ இறக்கி வச்ச மாதிரி இருக்கு. இப்ப உன் முறை. மணி பதினொண்ணே முக்கால்.

தங்கை: எழுதி அனுப்பிடுறேன். 'ஆன் தர்ஸ்டே, அண்ட் இன் த ஆஃப்டர்நூன்...'

அக்கா: போனை எடு.

தங்கை: வாய் வராதுக்கா எனக்கு. உனக்குத் தெரியாதா?

அக்கா: நாலு வார்த்தைதான். தமிழ்லயே சொல்லு. ஸ்பீக்கர்ல போடு, நான் பக்கத்துல இருக்கேன்.

தங்கை: சார்ஜ் இருக்கான்னு பாரு.

அக்கா: தொண்ணூறு பர்சென்ட். சாக்கு கிடையாது. அடி.

மேடம்: சொல்லும்மா. அறிக்கை இன்னும் வரலையே?

தங்கை: வணக்கம் மேடம். அது வந்து... வியாழக்கிழமை மேடம். மதியம்... சாப்பாட்டு நேரத்துல... அந்த ரூம்ல, பெட்டிக்குப் பக்கத்துல... ஆனா சாயங்காலத்துக்கு முன்னாடியே...

மேடம்: என்ன சொல்ல வர்ற?

அக்கா: பாய் போதும்டி.

மேடம்: யார் அது?

தங்கை: எங்க அக்கா, மேடம்.

மேடம்: எனக்கு நேரமில்லம்மா, கிளம்பணும். கான்ட்ராக்ட்காரர் அந்த லைன்ல காத்துக்கிட்டு இருக்கார். அந்தம்மா திங்கட்கிழமையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடட்டுமா?

தங்கை: வேண்டாம் மேடம். பிளக்கை நான் பிடுங்கினேன்.