மூன்றாவது பேரிங்

ஒரு இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது பாதி நேரம் துடைப்பதற்கே போய்விடும், ஐயா. வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கிராங்க் ஷாஃப்டை கிரைண்டிங் கொடுத்து வாங்கி வந்ததும், அதன் ஆயில் ஓட்டைகளுக்குள் இரும்புப் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. நீளமான பிரஷ்ஷை விட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெயில் அலசி, காற்றடித்து, மறுபடியும் அலச வேண்டும். உள்ளே விட்ட வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வர வேண்டும். அந்தப் பொடி ஷாஃப்டைத் தாங்குகிற பேரிங்கில் போய் உட்கார்ந்தால் அரித்துத் தின்றுவிடும். இருபத்தாறு வருடத்தில் நான் கட்டிய இன்ஜின் எதுவும் பேரிங் தேய்ந்து திரும்பி வந்ததில்லை, என் தங்கை கணவனுடையதைத் தவிர.

மாப்பிள்ளை பந்தயக் கார் ஓட்டுபவன். நல்ல கைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆயில் சூடாகும்வரை ஐந்து நிமிடம் பொறுக்கமாட்டான். ஸ்டார்ட் செய்த கையோடு மிதித்துவிடுவான். இரண்டு முறை பேரிங் போயிற்று. இரண்டு முறையும் என் ஷெட்டில் பத்துப் பேர் நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "மச்சானுக்குக் கண்ணு மங்கிடுச்சுப்பா. பாவம், ஒரு கண்ணாடி வாங்கிக் குடுக்கணும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் பத்துப் பேரும் சிரித்தார்கள். அடுத்த மாதமே இரண்டு பேர் வண்டியை வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு அவமானம் தாங்கவில்லை.

தங்கையிடம் சொன்னேன். அம்மா போன பிறகு நான் தலை பின்னி விட்டு வளர்த்தவள் அவள். "விடுண்ணா, அவரு விளையாட்டுக்குச் சொல்றாரு. நீயும் ஒருதடவை டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டிட்டு வந்துடேன்" என்றாள்.

காட்டினேன். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு என் மேசை டிராயரில் இருக்கிறது.

மூன்றாவது முறையாக அதே இன்ஜின் வந்தது. எல்லா ஓட்டையையும் வழக்கம்போல அலசினேன். மூன்றாவது பேரிங்குக்குப் போகும் ஓட்டையை மட்டும் அலசவில்லை. பொடியை நான் போடவில்லை, ஐயா. இருந்ததை இருக்க விட்டேன். குடம் பாலுக்குத் துளி விஷம் போதும். முழு வேகத்தில் பேரிங் இறுகினால் பிஸ்டன் ராடு முறிந்து இன்ஜினைக் குத்திக்கொண்டு வெளியே வரும், ஆயில் பின் சக்கரத்தில் கொட்டும், திருப்பத்தில் வண்டி நிற்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். என் தொழில் அது.

பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கிற அன்று, ஷெட்டில் சிரித்தவர்களோடு தங்கையும் வந்திருந்தாள். "இன்னிக்கு நானும் கூடப் போறேண்ணா" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட்டை நான்தான் இறுக்கிவிட்டேன்.

இறங்கு என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். நான் கட்டிய இன்ஜினில் கோளாறு என்று, அதே பத்துப் பேர் முன்னால், என் வாயாலேயே சொல்ல வேண்டும். கதவைச் சாத்தினேன்.

"ஆயில் சூடாகட்டும் மாப்பிள்ளை, அஞ்சு நிமிஷம்" என்றேன். பழக்க தோஷம்.

"அண்ணன் சொல்றதைத்தான் ஒருநாளாவது கேளுங்களேன்" என்றாள் அவள்.

அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டான். ஐந்து நிமிடமும் முழுதாக நின்றார்கள். அவள் கார்க் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

நான்காவது சுற்றில், நான் நினைத்த அதே திருப்பத்தில் நடந்தது. இரண்டு பேரையும் தகரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஆமாம், ஐயா, நான்தான் கொன்றேன். இருவரையும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறவரிடம் ஒன்று சொல்லுங்கள்: மற்ற பேரிங்குகளையும் கழற்றிப் பார்க்கட்டும். ஒன்றிலும் ஒரு கீறல் இருக்காது. கண் மங்கியவனுக்கு அப்படிக் கட்ட வராது.