சிவப்பு டம்ளர்

தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், டாக்டர். கேட்டதற்குச் சொல்கிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது?

பதினாறு வருடமாகச் சம்பளமில்லாமல் உங்கள் சுகாதார நிலையத்துக்கு உழைக்கிறேன். சோதனை முடிவுகளை வீடு வீடாகக் கொடுப்பது நான்தான். யாருக்கு என்ன வியாதி என்று இந்த வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. எங்கள் கம்போங்கில், ஊர் முழுக்க விசாரித்துப் பாருங்கள். "சுலாஸ்த்ரி அக்காவா? சரியான கல்லுளிமங்கி" என்பார்கள்.

ரத்மி என் கடைக்கு எதிரே பெசல் கடை போட்டவள். சோறு, கீரை, மேலே வேர்க்கடலைச் சட்னி. நானும் அதைத்தான் விற்கிறேன், ஆனால் கூட்டம் அவளிடம். வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன். அவளுக்கு இருமல் வந்தது. சளியைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கும் தெரிய வேணாம்க்கா. காசநோய்னு பேச்சு அடிபட்டாலே கடைய மூட வேண்டியதுதான்."

"ஏண்டி பயப்படுற? நானா சொல்லுவேன்?" என்றேன். சொல்லவும் இல்லை.

அந்த வியாழன் பெண்கள் கூடிக் குர்ஆன் ஓதுவது என் வீட்டில். எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் தேநீர், அவளுக்கு மட்டும் சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர். தொற்று விஷயத்தில் கவனம் வேண்டாமா? "அவளுக்கு மட்டும் ஏன்க்கா வேற?" என்று பக்கத்து வீட்டு யாத்தி காதைக் கடித்தாள். "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுடி" என்றேன். அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமைக்குள் ரத்மி கடையில் ஈ ஓட்டினாள். புருஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

திங்களன்று முடிவு வந்தது. உறையில் பசை சரியில்லை, தானே திறந்துகொண்டது. கிருமி இல்லையாம், வெறும் இருமல்தானாம். அப்பாடா என்றிருந்தது, நம்புங்கள். உடனே எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் தங்கைதான் இருந்தாள். "எங்கிட்ட குடுங்க, நான் குடுத்துடறேன்" என்றாள். உரியவர் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னது நீங்கள்தானே? திரும்பக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன்.

ரத்மி சந்தையில் ஓடி வந்து, "வந்துடுச்சாக்கா?" என்றாள். சுற்றிலும் ஆட்கள். நாலு பேர் முன்னால் முடிவைப் பற்றிப் பேசலாமா? "இன்னும் வரலடி" என்றேன். மறுநாள் என் கடைக்கே வந்தாள். அங்கேயும் ஆட்கள், அவளுடைய பழைய வாடிக்கைக்காரர்கள்.

முடிவு வந்த பத்தாம் நாள் ஆற்றில் மிதந்தாள். நான் அழுத அழுகை யாத்திக்குத் தெரியும்.

இதோ அந்த உறை. மறுபடி நல்ல பசையாகப் போட்டு ஒட்டிவிட்டேன், பாருங்கள். வேறு யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதல்லவா?