ஏரோப்ளேனுக்குச் சட்டை

வெயிலில் வரிசையில் நின்றால் எனக்கு எரிச்சல்தான் வரும். அன்று வரவில்லை. சைகோன் கப்பலுக்குக் கொண்டுபோகும் படகுக்காகக் கடலுக்குள் நீளும் பாலத்தில் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் முத்தியால்பேட்டைத் தையல்காரர் ஒருவர், வழியனுப்ப வந்த மச்சினனிடம் சொன்னார்:

"சைகோன் பட்டாளத்தோட பன்னண்டு ஏரோப்ளேனுக்கும் நான்தான் சட்டை தைக்கணும், மாப்ள."

"விளையாடாதீங்க மாமா. சண்டை ஏரோப்ளேன் இரும்புதானே?"

"உள்ளதான் கம்பி. ரெக்கை மேல துணி. சைகோன் மழைக்கு அது சீக்கிரம் இத்துப்போவுதாம், மாத்தி மாத்தித் தைக்கணும். பறக்கறப்ப தையல் விட்டுச்சுன்னா ஓட்டுறவன் காலி."

"பிரான்சுலேருந்து தையக்காரனக் கூட்டியாரலியா?"

"ஏரோப்ளேன் நிறுத்தக் கொட்டாய், எஞ்சின், பெட்ரோல்னு எல்லாத்துக்கும் திட்டம் போட்டாங்களாம். தைக்கிறவன மறந்துட்டாங்க. ஆள் தேடி வந்த ஆபீசர் துரை நம்ம மாதா கோயில் கொடியப் பாத்தாரு. திருவிழா ஒம்போது நாளும் கடக்காத்துல ஆடியும் ஒரு தையல் விடல. யாரு தைச்சதுன்னு கேட்டுக்கினு வீட்டுக்கே வந்துட்டாரு."

சொல்லிவிட்டு அவர் தன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். மச்சினன் கேட்டார்:

"நீங்க மூணு வருஷம் அங்க இருந்தா, திருவிழாவுக்கு யாரு கொடி தைப்பா?"

"மூணு கொடியும் தைச்சு சாமியார்கிட்ட குடுத்துட்டேன்."

"நாலாவது வருஷத்துக்கு?"

"துணிய வெட்டி உங்கக்காகிட்ட குடுத்திருக்கேன். வந்து தைப்பேன்."