இடது பக்கப் படம்

பெயர்: பாதிக்கப்பட்டவரின் அக்கா (சொந்தப் பெயரும் முகவரியும் பாதுகாப்புக் கருதித் தனித்தாளில் எழுதி, உறையிட்டுக் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளன). வயது: நாற்பத்தொன்று. தொழில்: பல் மருத்துவமனையில் வரவேற்பாளர், மற்ற நேரத்தில் இணையத்தில் தொடர்கதை எழுதுபவர். யாரும் அழைக்காமல் தானாகக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்வது:

எனக்கு ஒரே தங்கை. அப்பா அம்மா இல்லை. தங்கை ஒன்றரை வருடத்துக்கு முன்பு, கணவர் அடிப்பதைத் தாங்க முடியாமல், கட்டிய புடவையோடு வீட்டைவிட்டு வந்துவிட்டாள். அதன் பிறகு ஒரு தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே பட்டன் தைக்கும் பெண்ணோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். அந்தப் பெண்ணை எல்லோரும் பட்டன் என்றுதான் கூப்பிடுவோம். தங்கை இருக்குமிடம் என்னையும் பட்டனையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

நான் பதினெட்டுக் கதைகள் எழுதியிருக்கிறேன். அட்டைப்படம் நன்றாக இல்லாவிட்டால் கதையை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இலவசமாகக் கிடைக்கும் படங்களை எடுத்து நானே அட்டை செய்துவந்தேன். போன கதைக்கு எடுத்த பெண்ணின் முகம் வேறு மூன்று பேர் அட்டையிலும் இருந்தது. ஒரு வாசகி, "அக்கா, உங்க கதாநாயகி அந்தப் பேய்க்கதையில நேத்துதான் செத்தா, இங்க எப்படி சிரிச்சிட்டு நிக்கிறா?" என்று எழுதினார். அதைப் பார்த்து நூறு பேர் சிரித்தார்கள். எனக்கு மானமே போனது. அதன் பிறகு, யாரிடமும் இல்லாத படம்தான் வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

போன மாதம் இரண்டாம் ஞாயிறு தங்கையைப் பார்க்கப் போனேன். அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பார்த்தபோது, இதுதான் அட்டை என்று தோன்றியது. கேட்டேன். "முதுகுதானே, யாருக்குத் தெரியப்போகுது? எடுத்துக்கோ. ஆனா சுத்தி இருக்கறது ஒண்ணும் தெரியக் கூடாதுக்கா, சொல்லிட்டேன்" என்றாள். தெரியாது என்று வாக்குக் கொடுத்தேன். எதிர்க் கட்டடத்தின் சுவரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும். அது படத்தில் விழுந்திருந்தது. விழுந்தால் என்ன, அழிக்கத்தானே ஆள் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு, அட்டை செய்து விற்கும் ஒருவருக்குப் படத்தை அனுப்பினேன். அவரை நேரில் பார்த்ததில்லை. மாடி, கொடி, சுவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கடற்கரையில் நிற்பதுபோல் செய்யச் சொன்னேன். மூன்று நாளில் செய்துகொடுத்தார். ஈரத்துணி இருந்த கையில் சால்வை, காலடியில் அலை. என் தங்கையை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததே இல்லை. தலைப்பின் நிறம் சரியில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். அவ்வளவு கவனமாக இருந்தேன்.

அதன் பிறகு அவர், "மேடம், முன்-பின் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். வாங்கிய படத்தை இடது பக்கமும் செய்துமுடித்த அட்டையை வலது பக்கமும் சேர்த்து இணையத்தில் போடுவது அட்டை செய்பவர்களின் வழக்கம். அதைப் பார்த்துத்தான் அடுத்தவர்கள் வேலை கொடுப்பார்கள். "உங்க கதைக்கும் நாலு பேர் வருவாங்க" என்றார். தாராளமாகப் போடுங்கள் என்றேன். அவருக்கு எதுவும் தெரியாது, எனக்கு எல்லாம் தெரியும். அவர் போட்டதை நானும் பகிர்ந்தேன். பாராட்டு வந்து குவிந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கண் வலது பக்கத்திலேயே இருந்தது. பதினொரு நாள் அந்தப் பதிவு அங்கே இருந்தது.

இம்மாதம் பதினான்காம் தேதி காலை ஏழரை மணிக்கு, வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கிய தங்கையை அவள் கணவர் வாசலில் மறித்துக் கத்தியால் வெட்டினார். (அவர் என்பது எழுதுகிறவருக்காக. என் வாயில் அவன்தான்.) தோளிலும் இரண்டு கையிலும் வெட்டு. கீழ்வீட்டுக்காரர் அவரைப் பிடித்துவைத்து உங்களுக்குச் சொன்னார். எனக்குச் செய்தி வந்தபோது ஒரு நோயாளிக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். குறித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

மறுநாள் மருத்துவமனையில் தங்கை பேசினாள். "ஏதோ கடல் கடல்னு கத்தினான்க்கா. கடற்கரையில நிக்கிறியாமே, எங்கடி கடல்னு கேட்டுக் கேட்டு வெட்டினான். குடிச்சிருந்தான் போல" என்றாள். அவளிடம் இருப்பது இணையம் இல்லாத பழைய போன். அட்டையை அவள் பார்த்ததில்லை. அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. "ஆமா, குடிச்சிருப்பான்" என்றேன்.

அதன் பிறகு, வார்டுக்கு வெளியே நின்று அந்தப் பதிவைத் திறந்தேன். இடது பக்கத்தில் ஓட்டுநர் பள்ளியின் பெயரும் எண்ணும் அப்படியே இருந்தன. பாராட்டுகளுக்கு நடுவே, முகப்படம் வைக்காத ஒரு கணக்கிலிருந்து, "எனக்கு இடது பக்கப் படம்தான் பிடிச்சிருக்கு" என்று எழுதியிருந்தது. அதற்கு நான் சிவப்பு இதயம் போட்டிருந்தேன். எல்லோருக்கும் போட்டேன், அதற்கும் போட்டேன். நான் கதை எழுதும் பெயர் அவள் கணவருக்குத் தெரியும். அந்தக் கணக்கு யாருடையது என்று விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பதிவின் நகலைக் கொடுத்திருக்கிறேன்.

பட்டன்தான் காட்டிக்கொடுத்தாள் என்று தங்கை முடிவுகட்டிவிட்டாள். உங்களிடமும் அப்படியே சொன்னாள். "ஒரே அறையில படுத்துட்டு இப்படிப் பண்ணிட்டாளே, பாவி. இனிமே உன்னைத் தவிர யாரையும் நம்ப மாட்டேன்க்கா" என்று என்னிடம் அழுதாள். நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். வாரி முடித்துப் பின்னலும் போட்டுவிட்டேன். பட்டனை இரண்டு நாளாக நிலையத்தில் உட்காரவைத்திருப்பது அப்போதே எனக்குத் தெரியும்.

இன்று காலை இதைச் சொல்லத்தான் வந்தேன். பெஞ்சில் இருந்த பட்டன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா நான் சொல்லலக்கா. நீங்களாவது அவகிட்ட எடுத்துச் சொல்லுங்கக்கா" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. பட்டன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இதன் நகல் தங்கைக்குப் போகுமா என்று அதிகாரியைக் கேட்டேன். போகும் என்றார். "அதுக்கு முன்னாடி நீங்களே பக்குவமா சொல்லிடுங்கம்மா" என்றார். எனக்குப் பக்குவமாக ஒரு வரிகூட வரவில்லை. தங்கையால் இன்னும் ஒரு மாதத்துக்குத் தாளைக் கையில் பிடிக்க முடியாது. வாசித்துக்காட்ட அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை. இன்று மாலை பார்வையாளர் நேரத்தில் முதல் வரியிலிருந்து நானே வாசிக்கப்போகிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக்காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் மிரட்டவில்லை. கடைசியில் "தெரியாமல் நடந்துவிட்டது" என்று அதிகாரி இரக்கப்பட்டுச் சேர்த்திருந்தார். அதை மட்டும் அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)