குக்கரில் வெந்த உருளைக்கிழங்கு

பெற்றோர்களே, மைக்கை வாங்கிக்க ஆள் நிக்குது... அதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்.

போன மாசம் இதே பள்ளிக்கூடத்துல, ஒன்பதாம் வகுப்புல ஒரு செய்முறை. உருளைக்கிழங்கைக் குடைஞ்சு, குழியில சர்க்கரைத் தண்ணி ஊத்தி, அந்தத் தண்ணி மட்டத்துக்கு அடையாளமா ஒரு குண்டூசி குத்தி, வெறுந்தண்ணித் தட்டுல வைக்கணும். சர்க்கரை அதிகமா இருக்கிற பக்கம் தண்ணி தானா போகும். யாரும் தள்ள வேண்டாம்... கிழங்கு வழியா வந்து குண்டூசிக்கு மேல ஏறி நிக்கும். நல்லா செய்யற ஜோடிக்குப் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில ஒரு மேசை.

என் பேத்தி மதிவதனி... ஆமா, என் பேத்திதான், பெருமையாத்தான் சொல்லுவேன்... அவளுக்கு ஜோடி ஷகிலா. கிழங்கு கொண்டு வந்தது ஷகிலா.

எல்லார் குழியிலயும் தண்ணி ஏறுது. இவங்க குழியில... அசையவே இல்லை.

எஸ்தர் டீச்சர் தொட்டுப் பார்த்தாங்க. விரல் பொதுக்குனு உள்ள போயிடுச்சு.

"என்ன ஷகிலா... இது வெந்திருக்கே?"

"பச்சையா குடைய வரலை மிஸ். கையை வெட்டிக்காதேன்னு அம்மாதான் பருப்போட குக்கர்ல வெச்சுக் குடுத்தாங்க."

வகுப்பே சிரிப்பு. "மசால் ரெடி, பூரி எங்கடி?"

ஷகிலாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "என்னாலதான் மேசை போச்சு. திட்டு மதி."

மதி திட்டினாளா? இல்லை. டீச்சர்கிட்ட ஒரு பச்சைக் கிழங்கு கேட்டு வாங்கினா. அதே சர்க்கரை, அதே தண்ணி. வெந்ததுக்குப் பக்கத்துலயே வெச்சா. சாயங்கால மணிக்குள்ள பச்சைக் கிழங்குல ஏறிடுச்சு... வெந்தது அப்படியே இருந்துச்சு.

"ரெண்டையும் காட்டறோம் மிஸ். உயிர் இருக்கிறது இழுக்குது. வெந்தது இழுக்கலை. இதை வேற யாரும் காட்டலையே?"

டீச்சர் சிரிச்சுட்டாங்க. "மேசை உங்களுக்குத்தான். ஷகிலா, கண்காட்சிக்கும் ஒண்ணு வேக வெச்சுத் தரச் சொல்லு அம்மாவை!"

இப்ப உங்களைக் கேக்கறேன். அந்த அம்மா எதுக்கு வேக வெச்சாங்க? அன்புலதான். நாம மார்க் குறைஞ்சா திட்டறமே, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டிக் காட்டிப் பேசறமே... அது எதுல? அதுவும் அன்புலதான்! ஆனா வெந்து போன பிள்ளைக்குள்ள அப்புறம் என்ன ஏறும்? எவ்வளவு சர்க்கரையாப் பேசினாலும்... என்ன ஏறும்?

நாளைக்கு ரேங்க் கார்டு தர்றாங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால, தயவுசெஞ்சு... குக்கரை இறக்கி வையுங்க. மத்ததைப் பிள்ளை தானே இழுத்துக்கும்.